மாமனார் குடுத்துட்டு போன கில்ட்டும் அத தினமும் கட்டுற நானும்

போன வாரம் பால் தீந்துபோச்சுன்னு கில்ட்ட கட்டிக்கிட்டே பக்கத்து கடைக்கு போனேன், கவுண்டர்ல இருந்த அம்மா என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு "யாருக்கு கல்யாணம்?"னு கேட்டாங்க. யாருக்கும் இல்லம்மா, பால் வாங்க வந்தேன்னேன். ஆறேழு வருஷமா இதே கேள்விதான், ஆள்தான் மாறுறாங்க. கில்ட்னா ஸ்காட்லாந்து ஆம்பளைங்க இடுப்புல இருந்து முட்டி வரைக்கும் கட்டுற, கொசுவம் வெச்ச கட்டம் போட்ட கம்பளி உடை. ஸ்காட்லாந்துல எல்லாரும் கில்ட் போட்டுட்டு சுத்துவாங்கன்னு நம்ம ஊர்ல நெனைக்கிறோம், கிடையாது. கல்யாணம், பட்டமளிப்பு விழா, ரக்பி மேட்ச், டிசம்பர் 31 ராத்திரி, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலைல கில்ட்ல பஸ் ஏறுனா அவங்களே திரும்பி பாக்குறாங்க, அதுலயும் ஏறுறவன் என் கலர்ல இருந்தா ரெண்டு தடவ பாக்குறாங்க.

நான் சென்னைக்காரன், 2008ல வேலைக்கு வந்தவன், இப்ப பெர்த்ல இருக்கேன். ஆஸ்திரேலியா பெர்த் இல்லைங்க, அதுக்கு பேர் குடுத்த ஒரிஜினல் பெர்த், டே நதி ஓரமா இருக்குற ஊரு. பொண்டாட்டி இந்த பக்கத்து பொண்ணு. கில்ட் எனக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லணும்னா மாமனார்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

மொதல்ல அவர என்ன சொல்லி கூப்பிடுறதுன்னே தெரியல. இங்க மாமனார பேர் சொல்லி கூப்பிடுவாங்க, எனக்கு வாய் வரல, ஒரு வருஷம் "எக்ஸ்கியூஸ் மீ"ன்னே ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் வாய் தவறி "மாமா"ன்னுட்டேன், அவருக்கு அது புடிச்சுபோச்சு, கடைசி வரைக்கும் மாமாதான். மொத தடவ வீட்டுக்கு போனப்ப கேட்டார், ஊர்ல எந்த சர்ச்சுக்கு போவீங்கன்னு. "எழும்பூர்ல கிர்க்"னேன். கெட்டில கையில புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டார். எனக்கு அது வரைக்கும் கிர்க்னா எங்க சர்ச்சோட பட்டப்பேர்னுதான் நெனப்பு, வட்டமான கட்டடம், மேல நீல கலர் டோம், அதுல தங்க நட்சத்திரம், சின்ன வயசுல பிரசங்கம் முடியுற வரைக்கும் அந்த நட்சத்திரத்ததான் எண்ணிக்கிட்டு இருப்பேன். இங்க வந்தாதான் தெரியுது கிர்க்னா இந்த ஊர் ஸ்காட்ஸ் மொழில சர்ச்சுன்னு அர்த்தம், தெருவுக்கு ஒரு கிர்க் இருக்கு. எழும்பூர் ஆண்ட்ரூஸ் சர்ச் மெட்ராஸ்ல இருந்த ஸ்காட்லாந்துக்காரங்களுக்காக கட்டி 1821ல திறந்தது. எங்க தாத்தா படிச்ச கிறிஸ்தவக் கல்லூரியும் ஜான் ஆண்டர்சன்னு ஒரு ஸ்காட்டிஷ் மிஷனரி 1837ல தொடங்கின பள்ளிக்கூடத்துல இருந்து வளந்ததுதான். அதனால இந்த நாட்டு நம்பிக்கை எனக்கு கல்யாணத்துல வந்த சீதனம் இல்ல, மூணு தலைமுறையா வீட்டுக்குள்ளயே இருந்துருக்கு, நான்தான் கவனிக்கல.

மாமா சர்ச்சுல எல்டர். இங்க பிரெஸ்பிட்டீரியன் முறைல பிஷப் கெடையாது, எல்டர்ஸ்தான் போதகரோட சேந்து சபைய நடத்துறது. ஞாயித்துக்கிழமை காலைல குளிச்சுட்டு கில்ட் கட்டுவார், அத ஒரு சடங்கு மாதிரிலாம் செய்ய மாட்டார், ரேடியோவ போட்டுக்கிட்டு பெல்ட் மாட்டிக்கிட்டே டோஸ்ட் கருகுதான்னு எட்டிப்பாப்பார். எங்க அப்பா சனிக்கிழமை சாயங்காலம் சொட்டு நீலம் போட்டு காயவெச்ச வேட்டிய அயர்ன் பண்ணி நாற்காலி மேல மடிச்சு வெப்பார், ஞாயித்துக்கிழமைக்குன்னே. அதே ஆளுதான் இது, துணி மட்டும் வேறன்னு தோணுச்சு.

2018 பிப்ரவரில மாமா போயிட்டார். ஒரு மாசம் கழிச்சு மாமியார் அலமாரிய காலி பண்றப்ப கில்ட்ட எடுத்து என் கைல குடுத்து "ஆண் பிள்ள நீ ஒருத்தன்தான் இருக்க, இது தொங்கிக்கிட்டே இருந்தா பூச்சிதான் திங்கும்"னாங்க. மறே ஆஃப் ஆத்தல்ங்கிற குடும்பத்தோட டார்டன், அதாவது துணில வர்ற கட்டம் போட்ட டிசைன், கருநீலமும் கரும்பச்சையும், நடுவுல செவப்பு கோடு. கைல வாங்கினப்ப அந்த வெயிட்ட எதிர்பாக்கல. முழு கில்ட்டுக்கு எட்டு கெஜம் துணி போகும், கம்பளி வேற, கைக்குழந்தைய வாங்குற மாதிரிதான் வாங்கினேன்.

ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போடுறதா இருந்தேன். ரெண்டு மூணு வாரம் போட்டேன், ஃபேன்சி டிரெஸ் போட்டிக்கு போன மாதிரியே இருந்துச்சு, எல்லாரும் "ஓ வெரி ஸ்மார்ட்"ங்கிறாங்க, நான் நடக்குறதே ரோபோ மாதிரி. அப்பதான் யோசிச்சேன், எங்க அப்பாவுக்கு வேட்டில ஏன் அந்த கூச்சம் இல்லன்னா அவர் ஆபீஸ்ல இருந்து வந்ததும் வேட்டிக்கு மாறிடுவார், தேங்காய் உடைக்கிறது, ட்யூப்லைட் மாத்துறது எல்லாம் வேட்டிலதான். வருஷத்துக்கு நாலு நாள் கட்டுறவன் இடுப்புல எந்த துணியும் ஒட்டாது. சரி, வார நாள்லயும் போடுவோம்னு ஆரம்பிச்சேன்.

ஆரம்பிச்ச வாரமே கிழிச்சேன்.

கில்ட்டுக்கு முன்பக்கம் ரெண்டு தட்டையான துணி ஒண்ணு மேல ஒண்ணு வரும், அதுக்கு ஏப்ரன்னு பேரு, கொசுவம்லாம் பின்பக்கம். மேல் ஏப்ரனோட வலது கீழ் மூலைல ஒரு பெரிய பின் குத்துவாங்க. நான் என்ன நெனச்சேன், காத்துல தொறந்துக்காம இருக்கத்தான் பின்னுன்னு ரெண்டு துணியயும் சேத்து குத்திட்டேன். பஸ் படிக்கட்டுல கால தூக்கி வெச்சேன், பர்ர்ருன்னு சத்தம். மாமா முப்பது வருஷத்துக்கு மேல கட்டின துணி, நான் தினமும் கட்ட ஆரம்பிச்சு அஞ்சாவது நாள், ரெண்டு விரல் நீளத்துக்கு கிழிசல். வீட்டுல சொல்லவே இல்ல, ஆபீஸ்ல இருந்து மத்தியானமே கிளம்பி கில்ட் தைக்கிற ஒரு பாட்டிய தேடி போனேன், ஒரு கடை மாடில சின்ன ரூம், எழுபது வயசு இருக்கும்.

அந்த பாட்டி திட்டல. கில்ட்ட மேஜ மேல உள்பக்கமா திருப்பி விரிச்சாங்க, அப்பதான் மொத தடவ உள்ள பாக்குறேன். மேல இடுப்பு பக்கம் கேன்வாஸ் வெச்சு கைத்தையல், கொசுவத்துல ஒவ்வொண்ணும் டார்டன் கட்டம் மாறாம பின்னாடி இருந்து பாத்தா மடிப்பே இல்லாத ஒரே துணி மாதிரி தெரியுற அளவுக்கு கணக்கு போட்டு மடிச்சிருக்கு. கீழ ஓரத்துல மடிச்சு தச்சிருப்பாங்கன்னு பாத்தா தையலே இல்ல, தறில வந்த கரைய அப்படியே விட்டுருக்காங்க, நம்ம வேட்டி கரை மாதிரிதான். பாட்டி உள் ஏப்ரன் ஓரமா யார் கண்ணுக்கும் படாத ஆழமான மடிப்புல இருந்து செவப்பு ஒண்ணு, பச்சை ரெண்டு, நீலம் நாலுன்னு நூல உருவி எடுத்தாங்க, ஊசில கோத்து கிழிஞ்ச எடத்துல பாவு ஊடு மாதிரியே ஏத்தி எறக்கி நெஞ்சாங்க. முக்கா மணி நேரம் ஆச்சு. முடிச்சப்ப எங்க கிழிஞ்சதுன்னு நானே தேடினேன். "லாடி (தம்பின்னு அர்த்தம்), பின்னு பூட்டு இல்ல, வெயிட்டு. மேல் துணிக்கு மட்டும்"னாங்க. இடுப்பு கொஞ்சம் லூசா இருந்துச்சு, அதையும் புடிச்சு தச்சுடுங்கன்னேன், பக்கிள மட்டும் பிரிச்சு நகர்த்தி வெச்சாங்க. துணில கைய வெக்க மாட்டேன், உனக்கு அப்புறம் கட்டுறவனுக்கு தொப்பை இருக்கலாம்னாங்க.

அன்னைல இருந்து கத்துக்கிட்டது நெறைய. யாராவது கட்டணும்னு நெனச்சா ஒதவும்னு சொல்றேன், வரிசையா இல்ல, ஞாபகம் வர்ற மாதிரி.

இடுப்புதான் மொதல் தப்பு. ஜீன்ஸ் நிக்கிற எடத்துல கட்டினா முடிஞ்சுது, தொங்கும், நடக்க நடக்க எறங்கும். தொப்புள் உயரத்துல கட்டணும், வேட்டி கட்டினவங்களுக்கு இது சொல்லவே தேவையில்ல. கீழ ஓரம் முட்டிக்கு நடுவுல வரணும், சந்தேகம் இருந்தா முட்டி போட்டு பாருங்க, தரைய தொடாம ஒரு இன்ச் மேல நின்னா சரி. அளவு குடுக்குறப்ப பேண்ட் சைஸ் சொல்லாதீங்க, டேப் வெச்சு அளங்க. என் பேண்ட்டு 34, கில்ட்டு 37. அந்த மூணு இன்ச் எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னு கேக்காதீங்க.

உக்கார்றது தனி கலை. பேண்ட்டு மாதிரி தொப்புனு உக்காந்தா கொசுவம் மொத்தமும் கசங்கி எந்திரிக்கிறப்ப பின்னாடி அக்கார்டியன் மாதிரி நிக்கும். ரெண்டு கையாலயும் பின்பக்கத்த தடவி விட்டுக்கிட்டே உக்காரணும், பொம்பளைங்க பாவாடைய சரி பண்ணிக்கிட்டு உக்கார்றாங்கல்ல அதேதான், எனக்கு இத சொல்லிக்குடுத்தது என் பொண்ணு, அப்ப அவளுக்கு அஞ்சு வயசு. உக்காந்த அப்புறம் முன்னாடி இருக்குற ஸ்போரன் ரெண்டு தொடைக்கு நடுவுல விழுந்து துணிய புடிச்சுக்கும். ஸ்போரன்னா சங்கிலில முன்னாடி தொங்குற தோல் பை, கில்ட்டுக்கு பாக்கெட் கெடையாதுல்ல. நம்ம பாட்டிங்க இடுப்புல சொருகுற சுருக்குப்பைக்கு அண்ணன்னு வெச்சுக்கலாம். போன், கார்டு, சாவி, என்னது பெரிய போன்ங்கறதால மூடவே மூடாது. தினமும் போடுறதுக்கு சாதா தோல் ஸ்போரன் போதும், அந்த ரோமம் வெச்சதெல்லாம் ராத்திரி விசேஷத்துக்கு.

காத்த பத்தி எல்லாருக்கும் பயம். உண்மைல எட்டு கெஜ கில்ட்டு அவ்வளவு சீக்கிரம் பறக்காது, கொசுவத்தோட வெயிட்டே போதும். விலை கம்மியான அஞ்சு கெஜத்து பாலியெஸ்டர்தான் பறக்கும், நான் ஆபீசுக்குன்னு ஒண்ணு வாங்கி டே பாலத்து மேல நடந்தப்ப பட்ட அவமானம் போதும், அத இப்ப தோட்ட வேலைக்கு வெச்சிருக்கேன். குளிரும் அப்படித்தான், தொடை சூடாவே இருக்கும், முட்டி மட்டும் மரத்துப்போகும். அதனால சாக்ஸ்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, நல்ல தடிமனான கம்பளி சாக்ஸ், முட்டிக்கு கீழ ரெண்டு மூணு விரல் விட்டு மடிக்கணும், கார்ட்டர்னு சாக்ஸ இறுக்கி புடிக்கிற பட்டை போட்டாதான் நிக்கும். வெயில் காலத்துல மலைப்பக்கம் போனா மிட்ஜுன்னு ஒரு கொசுக்குட்டி இருக்கு, கூட்டமா வரும், கில்ட்ட பாத்தா அதுக்கு பந்தி போட்ட மாதிரி, அந்த ஒரு நாள் பேண்ட்டு போட்டுக்கோங்க, தப்பில்ல.

உள்ள என்ன போட்டிருக்கன்னு கேப்பாங்க. வாரத்துக்கு ஒருத்தராவது கேப்பாங்க. மாமா "சாக்ஸும் ஷூவும்"னு சொல்லிட்டு போயிட்டே இருப்பார். நான் போட்டுத்தான் இருக்கேன், பஸ் சீட்டு பொது சொத்து. சனிக்கிழமை ராத்திரி கிளாஸ்கோல குடிச்சுட்டு வர்ற கூட்டம் சில சமயம் பின்னாடி இருந்து தூக்கி பாக்குறதுக்கு கைய நீட்டும், ரெண்டு தடவ ஆயிருக்கு, சிரிச்சுக்கிட்டே வேற செய்வாங்க. மொத தடவ நானும் இளிச்சேன், ரெண்டாவது தடவ கைய புடிச்சு தள்ளி சத்தம் போட்டேன், ரெண்டாவதுதான் சரி. இப்பலாம் சனிக்கிழமை ராத்திரி ரயில்ல சுவத்துல சாஞ்சுதான் நிப்பேன். வீட்டுக்கு வந்து சொன்னப்ப பொண்டாட்டி எந்த ஆச்சரியமும் படல, "ஆமா, நாங்க பதிமூணு வயசுல இருந்து அப்படித்தான் நிக்கிறோம்"னா.

கத்தி மேட்டர். சாக்ஸ்ல சொருகுற சின்ன கத்திக்கு ஸ்கீன் டூன்னு பேரு. பொது எடத்துல கத்தி வெச்சிருந்தா இங்க குத்தம், ஆனா 1995 ஸ்காட்லாந்து சட்டத்துல மூணு விலக்கு இருக்கு, வேலைக்கு, மத காரணத்துக்கு, தேசிய உடையோட பாகமா. சீக்கியர் மத கடமையா வெச்சிருக்குற கிர்பான் கத்தியும் இந்த கத்தியும் சட்டத்துல பக்கத்து பக்கத்துலதான் இருக்கு, எனக்கு இது ரொம்ப புடிச்ச விஷயம். அதுக்காக எங்கயும் கொண்டுபோகலாம்னு இல்ல. ஒரு தடவ கல்யாணத்துல இருந்து நேரா ஏர்போர்ட் போயி செக்யூரிட்டில நிக்கிறப்பதான் சாக்ஸ்ல அது இருக்குறது ஞாபகம் வந்துச்சு. அதோட கதை அங்கயே முடிஞ்சுது, கத்திய எடுத்துக்கிட்டாங்க, ஃப்ளைட்ட மட்டும் மயிரிழைல புடிச்சேன். விமானம்னா செக்-இன் பேக்ல போடணும். தினசரிக்கு நான் அத சொருகுறதே இல்ல.

சரி, உனக்கு எதுக்குடா இதெல்லாம், உன் ஜாதியா இனமான்னு நம்மாளுங்களும் கேக்குறாங்க, அவங்களும் கேக்குறாங்க. ஒரு தடவ ரயில்ல ஒருத்தர், குடிக்கல, நிதானமாத்தான் இருந்தார், "அது உன்னுது இல்ல"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு, கில்ட்ட கழட்டி ஒரு வாரம் தொடல. மாமியாருக்கு எப்படியோ தெரிஞ்சு போன் பண்ணி, "அடுத்த தடவ யாராவது சொன்னா என் நம்பர குடு, குடுத்தது நான்"னு வெச்சுட்டாங்க.

கில்ட்ட தொடாத அந்த ஒரு வாரத்துலதான் இதோட வரலாற உக்காந்து படிச்சேன். 1746ல கல்லோடன் சண்டைல ஜாக்கோபைட் கலகக்காரங்க அரசாங்கப் படைகிட்ட தோத்த அப்புறம் ஹைலாண்ட்ஸ்ல, அதாவது ஸ்காட்லாந்தோட வடக்கு மலைப்பகுதில, ஆம்பளைங்க கில்ட் கட்டக்கூடாதுன்னு சட்டமே போட்டுருக்காங்க, மாட்டினா மொத தடவ ஆறு மாசம் ஜெயிலு, மறுபடி மாட்டினா ஏழு வருஷம் நாடு கடத்தல். ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. 1782லதான் சட்டத்த எடுத்தாங்க. அப்புறம் இந்த குடும்பத்துக்கு இந்த டார்டன்னு அட்டவணை போடுறது இருக்கே, அது ஆதி காலத்து சமாச்சாரம்னு கடைக்காரங்க சொல்வாங்க, பெரும்பாலும் இல்ல. 1822ல நாலாம் ஜார்ஜ் ராஜா எடின்பர்க் வந்தப்ப எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டுல எல்லா தலைவர்களும் டார்டன்ல வரணும்னு ஆச்சு, ராஜாவே கில்ட் போட்டார், உள்ள ரோஸ் கலர் டைட்ஸோட. அதுக்கு அப்புறம்தான் குடும்பத்துக்கு ஒரு டார்டன்ங்கிறது ஊரெல்லாம் சூடு புடிச்சுது. 1822. எழும்பூர் கிர்க் 1821. நான் நட்சத்திரம் எண்ணின டோம் அந்த ராஜா கில்ட்டுக்கு ஒரு வயசு மூத்தது. இத படிச்ச அன்னைக்கு ராத்திரி தனியா சிரிச்சேன், அடுத்த நாள் கட்டிக்கிட்டு ஆபீஸ் போனேன்.

யாரு எத கட்டலாம்னு சட்டம் ஏதும் இல்ல. பிளாக் வாட்ச் மாதிரி யாரு வேணா கட்டுற டார்டன் இருக்கு, ஊர் பேர்ல டார்டன் இருக்கு, புதுசா பண்ணி அரசாங்க பதிவேட்டுல பதியவும் செய்யலாம், 2009ல இருந்து அந்த பதிவேடு இருக்கு. சீக்கியருக்கு சிங் டார்டன் உண்டு. யூதர்களுக்கு ஒண்ணு, கம்பளியும் லினனும் கலக்கக்கூடாதுங்கிற அவங்க விதிப்படி சுத்த கம்பளி. முஸ்லிம்களுக்கு 2012ல ஒண்ணு, அஞ்சு கடமைக்கு அஞ்சு வெள்ளை கோடு. ஒருத்தரோட சாமியும் அவர் இருக்குற மண்ணும் ஒரே துணில வர்றதுக்கு இத விட பொருத்தமான ஊடு பாவு எனக்கு தெரியல. வேற ஒருத்தர் குடும்ப டார்டன கட்டுறதா இருந்தா மட்டும் அந்த வீட்டுல ஒரு வார்த்த கேட்டுடுங்க, அது மரியாதை.

சர்ச்சுல என்னையும் இப்ப எல்டர் ஆக்கிட்டாங்க. நற்கருணை அன்னைக்கு ரொட்டி தட்ட எடுத்துக்கிட்டு வரிசை வரிசையா போகணும், மொத தடவ போனப்ப மாமாவோட பழைய சிநேகிதர் ஒருத்தர் ரொட்டிய எடுக்காம கில்ட்டயே பாத்துக்கிட்டு இருந்தார், நானும் நின்னேன், அப்புறம் எடுத்தார். அவ்வளவுதான், ரெண்டு பேரும் அத பத்தி பேசினதே இல்ல.

கடைசியா பூச்சி. கம்பளிக்கு எமன் அந்துப்பூச்சி. கில்ட்ட மெஷின்ல போடவே போடாதீங்க, காத்தாட தொங்கவிட்டு ஈர துணியால தொடச்சா போதும், எப்பவாவது டிரை கிளீன், தொங்கவிடுறப்ப கிளிப் வெச்ச ஹேங்கர். பூச்சிக்கு இங்க லாவெண்டர், சீடார் கட்டைன்னு வெப்பாங்க, எனக்கு அது ரெண்டும் சுமாராத்தான் கேட்டுச்சு. 2022 டிசம்பர்ல சென்னை போனப்ப எழும்பூர் கிர்க்ல ஒரு ஞாயித்துக்கிழமையாவது இத கட்டணும்னு தூக்கிட்டு போனேன். கட்டினேன், அந்த வேர்வைய பத்தி சொல்லாம விட்டுடுறேன். அம்மா மொதல்ல "என்னடா பாவாடை"ன்னாங்க, அப்புறம் பின்னாடி வந்து கொசுவத்த ஒவ்வொண்ணா விரல்ல தள்ளி பாத்துட்டு "நல்லா நிக்குதே, கஞ்சி போட்டியா?"ன்னாங்க. கிளம்புற அன்னைக்கு பெட்டிய அவங்கதான் அடுக்கினாங்க, பட்டுப்புடவைக்கு வெக்கிற மாதிரி காஞ்ச வேப்பிலைய மடிப்புக்குள்ள வெச்சிருக்காங்க, எனக்கு தெரியாது, கஸ்டம்ஸ்லயும் யாரும் கேக்கல.

பெர்த்துக்கு திரும்பி வந்த அடுத்த ஞாயிறு சர்ச்சுல சங்கீதம் பாட எந்திரிச்சேன், பின்னாடி இருந்து சருகு நாலஞ்சு தரைல கொட்டுச்சு. பக்கத்துல இருந்த பாட்டி குனிஞ்சு ஒண்ண எடுத்து மோந்து பாத்து மூஞ்ச சுளிச்சாங்க, இது என்ன செடின்னு கண்ணாலயே கேட்டாங்க. பாட்டு ஓடிக்கிட்டு இருந்ததால அப்புறம் சொல்றேன்னு தலையாட்டினேன். பாட்டு முடியுறப்ப பாத்தா அந்த இலைய பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள வெச்சு மூடிட்டாங்க.